ஏழு தாள்களில் நின்றவர்

சின்னவளே,

காலையில் எழுந்ததும் வீட்டில் ஒரு நெடி. எண்ணெய் கெட்டுவிட்டதோ என்று சட்டியை முகர்ந்தேன். விளக்கை முகர்ந்தேன். சமையலறை மூலையில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கூடக் குனிந்து பார்த்தேன். கடைசியில் பின் சன்னலைத் திறந்தபோதுதான் தெரிந்தது, பாலத்துக்குச் சாயம் அடிக்கிறார்கள். நாலு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டு துருவைச் சுரண்ட, பின்னாலேயே ஒருவர் சிவப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டு வருகிறார். நீ வந்த வருஷமும் இப்படித்தான் அடித்தார்கள். எனக்கு அந்த நெடியில் இரண்டு நாள் தலைவலி. நீயோ அந்த இரண்டு நாளும் சன்னலை விட்டு நகரவில்லை.

உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. நீ லுணுகலைக்குப் போன பிறகு வண்டிக்காரரிடம் ஊறுகாயும் வடகமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒரு வரி எழுதியனுப்பவில்லை. நடுவில் யார் பிரித்துப் படிப்பார்களோ என்ற பயம். இப்போது நீ இல்லை. பிரித்துப் படிக்க இனி யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் பிறவிச் சந்தேகக்காரி என்பது உனக்குத் தெரியும். செல்லாயி கொண்டுவரும் பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். வெலிமடையிலிருந்து வரும் காய்க்கூடையில் மேலே இருப்பதைத் தொடமாட்டேன். அடியில் இருப்பதைக் கிளறித்தான் விலை பேசுவேன். கடல் தாண்டி வந்த இந்தப் பதுளையில், பாஷை பாதி புரிந்தும் பாதி புரியாமலும், ஒரு கடைவீட்டை நடத்துகிறவளுக்கு அது நல்ல குணம் என்று எண்ணியிருந்தேன். உன் மேல் திரும்பியபோதும் அப்படித்தான் எண்ணினேன்.

என் கொழுந்தனாருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு நீ வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முன்னால் கடை, பின்னால் வீடு. பின்கட்டுச் சன்னலில் நின்றால் ஓயா ஆறும் பாலமும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். மதியம் நான் அரிசி களைந்துவிட்டு வந்தால் நீ அங்கே நின்றுகொண்டிருப்பாய்.

“என்ன பாக்குற?”

“பாலத்தக்கா.”

“பாலத்துல என்ன இருக்கு?”

“அதத்தான் பாக்குறேன்.”

பிறகு வரையத் தொடங்கினாய். கடைக்குச் சீனி சுற்றி வரும் நீலத் தாளைத் தேய்த்து நீவி, அதன் உட்புறத்தில் பென்சிலால் வரைவாய். உன் பிறந்த வீடு சேலைக் கரைக்கு மாதிரி எழுதிக் கொடுக்கும் வீடு. கோடு இழுக்கும் கை உனக்கு அங்கிருந்து வந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் சேலைக் கரைக்கு ஒரு காரணம் இருக்கிறது, விற்கலாம். வாசல் கோலத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இரும்புப் பாலத்தை நீலத் தாளில் வரைந்து புடவை மடிப்புக்குள் வைப்பதற்கு என்ன காரணம்? கேட்டேன்.

“புடிச்சிருக்குக்கா,” என்றாய்.

இத்தனை சின்னப் பதிலுக்குப் பின்னால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அன்றே முடிவு கட்டினேன். உன் வீட்டுக்காரர் திங்கட்கிழமை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஸ்பிரிங்வெளி, லுணுகலை என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய், சனிக்கிழமைதான் திரும்புவார். அவர் ஊரில் இல்லாத நாட்களில்தான் உன் பென்சில் ஓயாமல் ஓடியது. பாலத்திலோ ஊர் ஆண்கள் அத்தனை பேரும் நடக்கிறார்கள். வேறு என்ன வேண்டும் எனக்கு?

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் நீ பாலத்தின் நடுவே நின்றுவிட்டாய். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இரும்புப் பட்டைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைச் சாணால் அளந்தாய். உருண்டைத் தலை ஆணிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாய். வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“இந்தப் பட்டை இழுக்குது, அந்தப் பட்டை தாங்குது, பாத்தீங்களா? ஒண்ணு மேல ஒண்ணுக்குக் கோவம் மாதிரி இருக்கு. ஆனா விட்டுட்டா ரெண்டும் விழுந்துரும்.” கீழே எட்டிப் பார்த்து, “அந்த நடுக் கல்தூணுக்கு மூக்கு வச்சிருக்காங்க. தண்ணி வர்ற பக்கம் மட்டும்” என்றாய்.

அது உண்மைதான். அப்போதே பதினைந்து வருஷமாக நான் அந்தப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். தூணின் மேல்நீர்ப் பக்கம் கூர்மூக்காக நீண்டு வெள்ளத்தைப் பிளப்பதையும், கல் இடுக்கில் பெரணிச்செடி முளைத்திருப்பதையும் உன் விரல் காட்டித்தான் பார்த்தேன். பார்த்த அடுத்த கணமே உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவள் வேறு எதைப் பார்க்கமாட்டாள் என்று தோன்றியது.

பேச்சை முதலில் கொண்டுவந்தவள் செல்லாயி. பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள்.

“பெரியம்மா, தப்பா நெனைக்காதீங்க. சின்னம்மா சன்னல்ல நின்னு யாருக்கோ சாடை காட்டுறாங்கன்னு பேசிக்கிறாங்க.”

“யாரு பேசிக்கிறா?”

“ஆத்துல துணி தொவைக்கிறவங்கல்லாந்தான். கையை நீட்டி, கட்டை வெரல இப்பிடி மேலயும் கீழயும் ஆட்டுறாங்களாம். ஒரு கண்ண வேற மூடிக்கிறாங்களாம்.”

நீ கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நகர்த்தி அளவு எடுப்பதை நான் எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். “பாலம் வரையிறா, அளவு எடுக்கிறா” என்று செல்லாயியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆற்றங்கரையில் அன்று மாலையே அந்தப் பேச்சு அடங்கியிருக்கும். நான் சொல்லவில்லை. “சரி, போ” என்றேன்.

மறுநாள் நீ குளிக்கப் போனபோது உன் பெட்டியைத் திறந்தேன்.

கூறைப்புடவைக்கு அடியில் நாற்பதுக்கும் மேலே தாள்கள் இருந்தன. முழுப்பாலம் ஒன்றிரண்டில்தான். மற்றதெல்லாம் துண்டு துண்டாக: கரையில் இறங்கும் கற்படிகள், முனைத் தூணின் தொப்பிக் கல், ஒரே ஒரு ஆணியின் தலை, மழையில் நனைந்த பலகைகள், தூண் மூக்கில் சிக்கிய வாழைமட்டை. கிளறிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றேன். ஒரு தாளில் பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி ஒரு ஆள். கக்கத்தில் குடை. முதுகு மட்டும் தெரிகிறது. அடுத்த தாளிலும் அதே ஆள், அதே இடம். எண்ணினேன். ஏழு தாள்கள். சிலவற்றில் அவர் எதிரே இன்னொருவர், கையில் சுருட்டிய காகிதத்தோடு.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது எனக்கு வந்தது சந்தோஷம் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். இடது தோள் கொஞ்சம் தணிந்திருந்தது. ஒரு காலால் மற்றக் காலின் கெண்டைச் சதையைச் சொறிந்தபடி நின்றார். அந்த முதுகுக்கு எத்தனை நாள் எண்ணெய் தேய்த்திருக்கிறேன்! அது என் வீட்டுக்காரர்.

நீயும் அவரும் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்போடு, ஏழில் ஒன்றை எடுத்து என் அரிசிப்பானைக்குள் மறைத்தேன். வியாழக்கிழமை, “மேல் தெருவுல வசூலுக்குப் போறேன்” என்று அவர் கிளம்பியதும் நீ நிற்கும் சன்னலில் நான் போய் நின்றேன். நீ சமையலறையில் இருந்தாய். அவர் பாலத்தில் வந்து சாய்ந்தார். ஒரு தடவைகூட வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் காகிதச் சுருளோடு அந்த இன்னொரு ஆள் வந்தார். நிலம் வாங்கி விற்கும் தரகர் அவர். கடைக்கு இரண்டொரு தடவை வந்திருக்கிறார். தாளை விரித்து நம் கடைக் கூரையையும், பக்கத்து வெற்றிடத்தையும், ஓயாக் கரையையும் விரலால் காட்டினார். இவர் தலையை ஆட்டினார்.

நீ இருந்ததைத்தான் வரைந்திருந்தாய். பாலத்தில் ஆள் நின்ற நாளில் ஆளோடு, நிற்காத நாளில் ஆளில்லாமல்.

சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

“பாலத்துல என்ன பேச்சு, அந்தத் தரகரோட?”

பிசைந்த கை நின்றது. “யாரு சொன்னா?”

“என்னன்னு சொல்லுங்க மொதல்ல.”

சொன்னார். பண்டாரவளையோடு நின்றிருக்கும் ரயில் ஒரு நாள் பதுளைக்கும் வரும். பாலத்தை ஒட்டிய இடத்துக்கு அப்போது கிராக்கி. வாங்க ஆள் தயார். “ஆனா தம்பி இருக்கிறப்ப வித்தா பாதி அவனுக்குப் போயிரும். மொதல்ல அவன் தனியாப் போகணும். அவனா போகணும். பங்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போகணும்.” பிறகு மறுபடியும், “யாரு சொன்னா உனக்கு?”

நான் என்ன சொல்லியிருக்கலாம்? நானே பார்த்தேன் என்றால் அது பொய்யுமில்லை. ஆனால் என் வாயில் வந்தது வேறு. “சின்னவதான் பொழுதன்னைக்கும் சன்னல்ல நிக்கிறாளே. ஊரே பேசுது, சாடை காட்டுறான்னு.”

அவர் என்னைப் பார்த்தார். தேடிக்கொண்டிருந்த பொருள் காலில் தட்டுப்பட்டவர் மாதிரி ஒரு பார்வை. மேலே ஒன்றும் கேட்காமல் மோர் ஊற்றச் சொன்னார்.

சனிக்கிழமை கொழுந்தனார் வந்ததும் என் வீட்டுக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு எல்லாரையும் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். உனக்கு நினைவிருக்கும். நீ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய்.

“யாருக்கும்மா சாடை காட்டுற?” என்றார் எடுத்த எடுப்பில்.

“யாருக்கும் இல்லீங்க. பாலம் வரையிறேன்.”

“பாலத்த வரையிற பொம்பளைய நான் எங்கயும் கண்டதில்ல. தம்பி, ஊரு சிரிக்குது. கடைக்கு வர்றவன் சாமான் கேக்காம சன்னல் எங்கன்னு கேக்குறான்.”

கொழுந்தனார் முகம் கறுத்துவிட்டது. உன்னைப் பார்க்காமல், “வரைஞ்சத எடுத்துட்டு வா” என்றார்.

நீ உள்ளே போனாய். என்னிடம் இருக்கும் ஒன்று போக மிச்சம் ஆறு. அதை விரித்தால் இவர் மாட்டிக்கொள்வார். இவர் மாட்டினால் என் வாழ்க்கை என்ன ஆகும் என்று பயந்தேன். அதே சமயம், விரிக்கட்டும், விரித்துத் தொலைக்கட்டும் என்றும் மனசுக்குள் ஒருத்தி கத்தினாள்.

நீ தாள் கட்டைக் கொண்டுவந்து தரையில் ஒவ்வொன்றாக விரித்தாய். சமையலறை வாசலிலிருந்து சன்னல் வரை பாலமாகக் கிடந்தது. படிகள், பட்டைகள், ஆணிகள், மூக்கு வைத்த தூண். எந்தத் தாளிலும் ஒரு ஆள் இல்லை. ஆறையும் நீ எடுத்துவிட்டிருந்தாய்.

கொழுந்தனார் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். “இதுதானா?” என்றார். ஒரு தாளை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார். என் வீட்டுக்காரரும் ஒரு கணம் தடுமாறியது எனக்குத் தெரிந்தது. சமாளித்துக்கொண்டு, “என்னவா இருந்தாலும் பேரு கெட்டது கெட்டதுதான்” என்றார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டில் உண்மை தெரிந்த மூன்று பேரில் ஒருத்தி நான். வாய் திறக்கவில்லை.

பத்து நாளில் நீங்கள் கிளம்பினீர்கள். பங்கு வேண்டாம் என்று கொழுந்தனார் எழுதிக் கொடுத்துவிட்டார். லுணுகலையில் சின்னதாக ஒரு கடை பார்த்துக்கொண்டார். வண்டியில் ஏறும்போது என் காதருகே குனிந்து சொன்னாய்: “ஒரு தாள் கொறையுதுக்கா. இருக்கட்டும்.” சிரித்தாயா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு எனக்கு நிம்மதி ஏது? ஏன் எடுத்தாய் அந்த ஆறை? என்மேல் இரக்கமா, அவர்மேல் பயமா, இல்லை, தக்க நாள் பார்த்து நீட்டலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறாயா? ஒவ்வொரு தடவை லுணுகலை வண்டி வந்து நிற்கும்போதும் அந்தத் தாள்கள்தான் வந்துவிட்டன என்று வாசலுக்கு ஓடுவேன். நீ கொடுத்தனுப்பிய தேன் புட்டியின் மூடித் துணியைக்கூட அவிழ்த்து உதறிப் பார்த்தவள் நான். கடையும் முன்புறமும் கைமாறின. பின்வீடு மட்டும் எங்களுக்கு மிஞ்சியது. ரயிலும் பிற்பாடு வந்தது, அவர் கணக்குப் போட்ட இடத்தில் இல்லை. அதையெல்லாம் கேட்டு நீ என்ன நினைத்தாய் என்றும் தெரியவில்லை.

ஊரெல்லாம் காய்ச்சல் வந்த வருஷம் நீ போய்விட்டாய் என்று ஆள் வந்தது. என் வீட்டுக்காரருக்கும் உடம்பு சரியில்லை. நான் மட்டும் பசறை வழியாக வண்டியில் வந்தேன். உன்னைப் பார்க்கக் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் வரை இருந்தேன். இருந்து என்ன செய்தேன் தெரியுமா? உன் துணிகளை மடித்து வைக்கிறேன் என்று சொல்லி உன் பெட்டியை மறுபடியும் துழாவினேன். லுணுகலையில் வரைந்த தாள்கள் இருந்தன. ஓடைமேல் போட்ட மரப்பாலம், கடையின் தராசு. அந்த ஆறு மட்டும் இல்லை. பரண், கூரை இடுக்கு, அரிசி மூட்டைக்குப் பின்னால், எங்கும் இல்லை.

கொழுந்தனார் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “என்னண்ணி தேடுறீங்க?”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். செல்லாயி சொன்னது, நான் பெட்டியைத் திறந்தது, தாளை எடுத்தது, என் வீட்டுக்காரரிடம் நான் சொன்ன அந்தச் சொல், எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்தனார் பொறுமையாகக் கேட்டார்.

“தெரியும் அண்ணி. அவ சொல்லிட்டா.”

“எப்ப?”

“நான் எழுதிக் குடுக்கிறதுக்கு மொத நாளு. அந்த ஆறு தாளையும் காட்டினா. எனக்கு வந்த கோவத்துக்கு அண்ணன் சட்டையப் புடிச்சிருப்பேன். அவதான் தடுத்துட்டா. ‘அக்காகிட்டயும் ஒண்ணு இருக்கு. இப்பக் கெளப்புனா அவங்களும் மாட்டிக்குவாங்க. நம்ம ரெண்டு பேரும் போயிருவோம், அந்த வீட்ல அவர்கூட அவங்கதான் தனியா இருந்தாகணும்’னா. இங்க வந்த அன்னைக்கு ஒரே மழை, வெறகெல்லாம் ஈரம். அந்த ஆறையும் போட்டுத்தான் அடுப்ப பத்த வச்சா.”

நான் அழுதேன். அழுதுகொண்டே, இவர் என்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்கிறாரோ என்றும் நினைத்தேன். திரும்பி வரும் வழி முழுக்க அவர் சொன்னதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். எங்கும் பிசகவில்லை. ஆனால் ஆறை மட்டும் எடுத்து மறைத்த அந்தச் சனிக்கிழமையே உனக்கு என்னைத் தெரிந்திருந்தும், அதற்குப் பிறகு பத்து நாள் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டு, என் தலைக்குப் பேன் பார்த்துவிட்டாயே, அது எப்படி முடிந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் இருந்த தாளை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன்.

“யாரு இது?” என்றார்.

“தெரியலையா?”

“முதுகுதானே தெரியுது. யாரு வரைஞ்சது? நல்லா இருக்கே.”

தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? உண்மையாகவே தெரியாமல் இருக்கலாம். நடிப்பாகவும் இருக்கலாம். “நீங்கதான்,” என்றேன். “தரகரோட பேச நின்னப்ப. சின்னவ வரைஞ்சது. இப்படி ஏழு இருந்துச்சு. அன்னைக்கு எல்லாரும் நின்னப்ப ஒண்ணைக்கூட அவ வெளிய எடுக்கல.”

வெகு நேரம் பார்த்தார். தாளைத் தொடவில்லை. “அவனுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். எழுந்து போனார். தம்பிக்கு அவர் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் முன்னால் முதுகைக் காட்டி நிற்பதில்லை.

நான் மாறிவிட்டேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன், சின்னவளே. இப்போதும் யாராவது சும்மா நின்றால் ஏன் நிற்கிறார்கள் என்றுதான் மனம் போகிறது. நேற்றுகூட எதிர்வீட்டு மருமகள் ஒரே வாரத்தில் மூன்று தடவை தபாலாபீசுக்குப் போனாள்; அவள் மாமியார் என்னிடம் வந்து, “நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?” என்று கேட்டாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் நம் பின்கட்டுத் தரை கண்ணில் வந்தது. வாசலிலிருந்து சன்னல் வரை விரித்த நீலத் தாள்கள், ஒன்றிலும் ஒரு ஆள் இல்லை, ஓரத்தில் நீ மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாய், நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

“நான் ஒண்ணும் பாக்கலம்மா,” என்றேன்.